ஒப்பு மாதிரி

அத்தியாயம் 17

பிள்ளை பெற்று நான்கே மாதமான ஒருத்திக்கு, சர்க்கரையும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, சிறுநீரகங்கள் மட்டும் ஏன் இப்படி மளமளவென்று கெட்டுப்போகின்றன? கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் உஷாராணி படுத்திருக்க, வீட்டார் எல்லோரும் பத்து நாட்களாக இதே கேள்வியோடுதான் எழுந்தார்கள், இதே கேள்வியோடுதான் படுத்தார்கள்.

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் வசுந்தரா கேட்டபோது உஷா ஒளிக்கவில்லை. "மாமா குடுக்கிற பிரசவப் பொடி மட்டும்தான் டாக்டர்" என்றாள். சாப்பிட்டால் நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டு நிறுத்துகிற பொடி அது. ஆனால் மருமகள் மேல் மாமனாருக்கு இருந்த பாசம் கொஞ்சமா நஞ்சமா? "இன்னும் ஒரு மண்டலம் சாப்பிடும்மா, உடம்பு தேறட்டும்" என்று நான்கு மாதத்துக்கு நீட்டிவிட்டார்.

அந்த மாமனார் தம்புசாமி. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் முப்பது வருடமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் ஷாமினிக்கோ, ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்தில், கடைகளுக்கு வரும் மூலிகைகள் அசலா போலியா என்று இரசாயன முறையில் பார்த்துச் சொல்லும் வேலை. அப்பா விற்பதை மகள் சோதிப்பதா? கூடாதுதான். கூடாது என்று தெரிந்தேதான், போன வாரம் அப்பாவின் கடையிலிருந்து பொடியில் ஒரு பிடியையும், அதில் சேரும் சிறுதேக்கு வேரில் நாலு துண்டையும் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் பதில் வந்தது.

வேரைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய சாற்றில் ஒரு சொட்டை, வெள்ளை மாவு பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் வைப்பார்கள். பக்கத்திலேயே, இதுதான் அசல் என்று கூடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வேரின் சொட்டையும் வைப்பார்கள். அதற்கு ஒப்பு மாதிரி என்று பெயர். தகட்டைத் திரவத்தில் நிறுத்தினால், வேருக்குள் இருக்கும் பொருள்கள் பிரிந்து பிரிந்து மேலே ஏறிக் கோடு கோடாக நிற்கும். ஊதா விளக்கடியில் பார்க்கும்போது இரண்டு வரிசையிலும் கோடுகள் ஒரே உயரத்தில் இருந்தால் சரக்கு அசல். இல்லாவிட்டால் போலி.

இன்று அத்தனை கோடுகளும் அச்சாகப் பொருந்தின. ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஷாமினி விளக்கை அணைத்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் அழுதாள். அழுது முடித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, ரிசல்ட் வந்துருச்சு. நம்ம வேரு சுத்தம்பா."

"இன்னொரு தடவ சொல்லும்மா."

"சுத்தம்பா. கிளீன்."

"எனக்குத் தெரியும்லா. பத்து நாளா பொடி கேட்டு வர்றவங்கள எல்லாம் அப்புறம் வாங்கன்னு திருப்பி அனுப்பிக்கிட்டிருந்தேன்மா. யாரையும் நிமிந்து பாக்க முடியல. இன்னிக்குத்தான் சோறு எறங்கும்."

கையெழுத்துப் போட்ட அறிக்கையைப் படம் பிடித்து அப்பாவுக்கும், மருத்துவமனையில் மனைவியோடு இருந்த அண்ணன் பிரவினுக்கும் அனுப்பினாள். நல்ல சேதியை உடனே சொல்லாமல் யாரால் இருக்க முடியும்? அந்த அவசரத்துக்கு அவள் கொடுக்கப்போகும் விலை அப்போது அவளுக்குத் தெரியாது.

பதினொன்றரை மணிக்குப் பிரவின் கூப்பிட்டான்.

"பயாப்ஸி ரிசல்ட் வந்துருச்சு. டாக்டருக்கே குழப்பமா இருக்காம்."

"என்ன குழப்பம்?"

"கிட்னிய பாத்தா ஏதோ செடியோட விஷத்துல கெட்ட மாதிரியே இருக்காம். அப்பதான் உன் ரிப்போர்ட்ட காட்டினேன். லேப்லயே சுத்தம்னு சொல்லிட்டாங்கன்னா வேற காரணமாத்தான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. ஒடம்பே தன் கிட்னிய தாக்குதாம். அத அடக்க ஒரு பவர்புல் மருந்து, அஞ்சு மணிக்கு ட்ரிப் போடப் போறாங்க."

"பவர்புல்லுன்னா?"

"நோய எதிர்க்கிற சக்தியவே கொறச்சிருமாம். ரிஸ்க்தான், ஆனா வேற வழியில்லன்னாங்க. ஷா, இன்னொன்னு. ரிப்போர்ட் வந்ததும் அப்பா கடப் பையன்கிட்ட பிளாஸ்க்ல பொடிய கரைச்சுக் குடுத்து விட்டாரு. டாக்டருக்குத் தெரியாம ஒரு கப் குடுத்துட்டேன். ஓகேதானே?"

செடியோட விஷத்துல கெட்ட மாதிரியே. அந்த ஒரு வாக்கியத்திலேயே ஷாமினியின் மனம் நின்றுவிட்டது.

"மிச்சத்தக் குடுக்காதண்ணே. நான் திருப்பிக் கூப்பிடறேன்."

"காலைலதானே கிளீன்னு சொன்ன?"

"குடுக்காதன்னா குடுக்காத!"

கூடத்தின் பின்னறையில், குளிரூட்டிய அலமாரியில் ஒப்பு மாதிரிகள் வரிசையாக இருந்தன. சிறுதேக்கு ஜாடியை எடுத்துத் திருப்பினாள். ஐந்து வருடம் பழைய லேபிள். தாவர நிபுணர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது. அதன் கீழே, அவளுடைய சொந்தக் கையெழுத்தில்: நம்பகமான இடத்திலிருந்து பெற்றது.

அந்த நம்பகமான இடம் எது என்று அவளுக்குத்தான் தெரியுமே.

வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்திய மூலிகைகளுக்குக் கூடத்தில் ஒப்பு மாதிரியே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதக் கணக்காகும். "உன் அப்பாவுக்குக் கடை இருக்குதானே?" என்று மேனேஜர் கேட்டார். இவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மறுநாளே அப்பா கடையிலிருந்து முப்பது ஜாடி கொண்டுவந்து அடுக்கினாள். இலையும் பூவுமாக முழுச் செடியைப் பார்த்து ஒரு நிபுணர் உறுதி செய்த பிறகுதான் அது ஒப்பு மாதிரி ஆகும் என்பது படித்த பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். அப்பா கொடுத்ததை இன்னொருவரிடம் காட்டிக் கேட்பதா என்று கூச்சம். அவ்வளவுதான்.

அப்பா கடை வேரை அப்பா கடை வேரோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் என்ன செய்யும்?

அப்போதுதான் அவளுக்குச் சபாபதியின் ஞாபகம் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருந்த சபாபதி, அப்பாவுக்கு ஒரு காலத்தில் நல்ல நண்பர். அவர் அனுப்பிய சிறுதேக்கை ஷாமினி ஒருமுறை அல்ல, இரண்டு முறை போலி என்று எழுதித் தள்ளுபடி செய்திருக்கிறாள். "அம்மா, என் வேரு அசல்மா, நல்லாப் பாருங்க" என்று அந்த மனிதர் நேரில் வந்து நின்றார். மெஷின் பொய் சொல்லாது அங்கிள் என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த வருடம் அவர் கடையை மூடிவிட்டார்.

தள்ளுபடியான சரக்கிலும் ஒரு பிடியைக் கூடத்தில் எடுத்து வைப்பது வழக்கம். தேடினாள். அடித் தட்டில், உறை பிரிக்காமல் இருந்தது.

வேர்களில் அவசரமாகச் சாறு இறக்கி, ஒரு புதுத் தகட்டில் நான்கு சொட்டு வைத்தாள். முதலாவது, அப்பா கடையின் இன்றைய வேர். இரண்டாவது, ஜாடி. மூன்றாவது, சபாபதியின் வேர். நான்காவது, வேரே அல்ல. சில சீன மருந்துகளைச் சோதிக்கும்போது பயன்படுத்த வாங்கி வைத்திருந்த சுத்தமான விஷம். அரிஸ்டோலோகிக் அமிலம். ஈசுரமூலி இனத்துக் கொடிகளில் இருப்பது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், சத்தமே இல்லாமல் சிறுநீரகத்தைத் தின்றுவிடும். சிறுதேக்கில் அதைத் தேட வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, இவளும் தேடியதில்லை.

நாற்பது நிமிடம். நாற்காலியில் உட்கார முடியவில்லை. "முருகா, சபாபதியோடதுதான் போலியா இருக்கணும்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். எப்படிப்பட்ட வேண்டுதல் பாருங்கள்!

ஊதா விளக்கைப் போட்டாள். நான்காவது வரிசையில், நடுவில், விஷத்தின் கோடு. அதே உயரத்தில் முதல் வரிசையிலும் கோடு இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. சபாபதியின் வரிசையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் ஷாமினி பிரவினுக்கு நான்கு முறை போன் போட்டாள். லைனே போகவில்லை. மருத்துவமனை எண்ணில் டாக்டரிடம் இணைப்புக் கிடைக்கவில்லை. அப்பாவுக்குப் போட்டாள். லைன் பிஸி. மறுபடி போட்டாள். மறுபடியும் பிஸி. தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு, ஜாடியையும் கையில் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

கெசாஸ் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அப்பாவின் லைன் இன்னும் பிஸி. எப்போதும் போனை எடுத்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கிற மனிதர், இன்று யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறார்? காரை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கடைக்கு வந்து சேரும்போது மணி நான்கைத் தாண்டிவிட்டது.

வாசல் கண்ணாடியில் ஒரு புதுத் தாள் ஒட்டியிருந்தது. அவளுடைய அறிக்கை. காலையில் அனுப்பிய படத்தை அச்செடுத்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு, ரோட்டில் போகிறவர்கள் படிக்கும்படி ஒட்டியிருந்தார் தம்புசாமி. ஒப்பு மாதிரியோடு முழுமையாகப் பொருந்துகிறது. சோதித்தவர்: ஷாமினி தம்புசாமி.

அதை ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வாம்மா, வா!" அவர் முகத்தில் பத்து நாளாக இல்லாத களை. கையில் போன் இருந்தது. "ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொன்னேன். பொடிக்குக் காத்திருந்தவங்க எல்லாரும் மத்தியானத்துக்குள்ள வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. பதினோரு பொட்டலம்!"

அவர் பின்னால் இருந்த தட்டு காலியாகக் கிடந்தது.

"அப்பா, அதுல விஷம் இருக்கு."

"என்னம்மா சொல்ற?"

"காலைல நான் சொன்னது தப்புப்பா. அண்ணியோட கிட்னிய நம்ம பொடிதான் கெடுத்திருக்கு. இந்தாங்க, பாருங்க." படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நம்ம வேருல இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் எடுத்துட்டுப் போன ஜாடியிலயும் இருக்கு. சபாபதி அங்கிளோடதுல மட்டும்தான் இல்ல."

தம்புசாமிக்குத் தகட்டைப் பார்க்கத் தெரியாது. ஆனால் சபாபதி என்ற பெயரைக் கேட்டதும் அவர் முக்காலியில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"பழைய சப்ளையர் செத்ததும் புது ஆளு புடிச்சேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல். "நறுக்கிக் காய வச்ச வேரு. பாக்க ஒரே மாதிரிதான் இருந்துச்சு. வாசம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. வீரியம் கூடப் போலன்னு சந்தோஷப்பட்டேன்மா. சபாபதிதான் ஒரு நாள் வந்து கையில எடுத்து மோந்து பாத்துட்டு, 'தம்பு, இதுல வேற கொடி கலந்திருக்குடா'ன்னான்."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"வயித்தெரிச்சல்ல பேசறான்னு கடைய விட்டுப் போகச் சொல்லிட்டேன். அப்புறம் நீ அவன் சரக்கையே போலின்னு எழுதினியா... அன்னிக்கு உனக்குப் பிடிக்கும்னு பால்கோவா வாங்கிட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா?"

ஷாமினிக்கு ஞாபகம் இருந்தது. இரண்டாகப் பிட்டு அப்பாவுக்கும் ஊட்டியிருந்தாள்.

"எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். அஞ்சு மணிக்கு அண்ணிக்குத் தப்பான மருந்து ஏத்தப் போறாங்க."

தம்புசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொல்லிக்கிறேன். வேரு மாறிப் போச்சு, கடைக்காரன் தப்புன்னு நானே டாக்டர் கால்ல விழுந்து சொல்லிக்கிறேன். நீ வராத. உன் கையெழுத்த நீயே பொய்னு சொன்னா வேலையும் போயிரும், பேரும் போயிரும்மா."

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்கப்பா. டாக்டர் கையில என் ரிப்போர்ட்தான் இருக்கு. அது பொய்னு நான்தான் சொல்லணும்."

கடைக்குப் பூட்டுப் போட அவருக்குக் கை வரவில்லை. அவளே சாவியை வாங்கிப் பூட்டினாள்.

மருத்துவமனை வார்டில் அவர்கள் நுழைந்தபோது மணி ஐந்து ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தாதி ட்ரிப் ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டிருந்தாள். டாக்டர் வசுந்தரா கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உஷாவின் முகம் வீங்கி, கண்கள் சிறுத்திருந்தன. சார்ஜ் தீர்ந்துபோன போனைக் கையில் வைத்தபடி பிரவின் கால்மாட்டில் நின்றான்.

"டாக்டர், போடாதீங்க" என்றாள் ஷாமினி. மூச்சு வாங்கியது. "அந்த ரிப்போர்ட் தப்பு."

"எந்த ரிப்போர்ட்?"

"மூலிகை சுத்தம்னு சொன்னது. அதுல அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கு."

டாக்டர் பேனாவை மூடினார். "அந்த ரிப்போர்ட்டை நம்பித்தானே நான் காரணத்தையே மாற்றி எழுதினேன்? யார் அதில் கையெழுத்துப் போட்டது?"

"நான்தான் டாக்டர். இவங்களுக்கு நாத்தனார். பொடி எங்க அப்பா கடையோடது. ஒப்பிட்டுப் பாத்த மாதிரியும் எங்க அப்பா கடையோடதுதான்." தகட்டின் படத்தை நீட்டினாள். ஜாடியை மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் வசுந்தரா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாதியிடம், "ட்ரிப் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்க" என்றார்.

பிரவின் தங்கையை நோக்கி ஒரு எட்டு வைத்தான். அடிக்கத்தான் வந்தானோ என்னவோ. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "காலைலகூட நானே என் கையால ஊத்திக் குடுத்தேனே!"

"கிட்னி திரும்ப வருமா டாக்டர்?" தம்புசாமிதான் கேட்டார்.

"போனது வராது அங்கிள். இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம். இன்றைக்கு அந்த மருந்து உள்ளே போயிருந்தால் அதுவும் கஷ்டமாகியிருக்கும்."

தம்புசாமி மருமகளின் கட்டிலருகே போய், தொடவும் துணியாமல், கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். உஷா அவரைப் பார்க்கவில்லை. ஷாமினியைப் பார்த்தாள்.

"முத மாசமே அந்தக் கசப்பு எனக்குக் கொமட்டிச்சு ஷாமினி. வேணாம்னு சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் உஷா, மெல்லிய குரலில். "நம்ம கட சரக்கத்தான் லேப்ல அசல்னு வச்சிருக்கோம்னு நீ பெருமையா சொன்ன. அதான் மூச்சப் புடிச்சுக்கிட்டு குடிச்சேன்."

"அண்ணி..."

"என் புள்ளைக்கு அந்தப் பாலத்தானே குடுத்தேன்?"

டாக்டர் வசுந்தரா, "குழந்தையை இப்போதே வரவழையுங்கள், இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார். பிரவின் எழுந்து, தாதியின் போனை வாங்கி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் வீட்டுக்கு, காஜாங்குக்கு அடித்தான்.

"இந்தப் பொடி வேறு யார் கையிலாவது இருக்கிறதா?" என்றார் டாக்டர்.

தம்புசாமி எழுதி வைத்து விற்கிறவர் அல்ல. எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எப்போது பிரசவம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். பழைய ஆட்கள் பிறகு, முதலில் இன்றைக்கு வாங்கியவர்கள் என்று ஷாமினி அவரை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, வார்டு வாசலில் நின்றபடி ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாள். அக்கா, பொடிய சாப்பிடாதீங்க. இல்லக்கா, காரணம் அப்புறம் சொல்றேன், தொடாதீங்க. ஒருத்தி திட்டினாள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி மத்தியானமே ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டேனே என்று அலறினாள். பத்துப் பேரும் கிடைத்துவிட்டார்கள்.

"பதினொண்ணாவது யாருப்பா?"

தம்புசாமி கண்ணைத் திறந்தார்.

"அப்பா, டைம் இல்ல. யாரு?"

"பேரு தெரியாதும்மா. புது ஆளு. கண்ணாடியில ஒட்டியிருந்த உன் ரிப்போர்ட்ட நின்னு படிச்சிட்டு உள்ள வந்தான். பொண்டாட்டி பெத்து ஒம்பது நாளாச்சாம். இன்னிக்கு வெளக்கு வச்சதும் ஆரம்பிச்சிருன்னு சொல்லி அனுப்பினேன்."

"போன் நம்பர்? கார்? எந்த ஊருன்னாவது சொன்னானா?"

"கேக்கலியேம்மா."

நடைபாதையின் கடைசி ஜன்னலில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு வீட்டில் விளக்கு வைக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"வேற எதுவுமே சொல்லலியா அவன்?"

"சொன்னான்." தம்புசாமியின் உதடுகள் கோணின. "ரெட்டப் புள்ளைங்கன்னான். பாவம், ரெண்டு புள்ளைக்குப் பால் குடுக்கிற ஒடம்பாச்சேன்னு... அந்த ஒரு பொட்டலத்துல மட்டும் வேர ரெண்டு பங்கா போட்டுக் குடுத்தேன்மா."